முதலில் வழக்குரை, பிறகுதான் குளிர்த்தி

கேள்வி:

அக்கா, எனக்கு 29 வயது. நிலாவெளிப் பக்கம் வீடு. திருமலை ரவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. ஏழு வருடம் ஒருவரைக் காதலித்தேன். அவர் கட்டாருக்குப் போக ஏஜென்சிக் காசுக்கு என் மூன்று பவுண் சங்கிலியை அடைவு வைத்துக் கொடுத்தேன். அவருடைய மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு நான்தான் பிணை. திரும்பி வந்ததும் எழுத்து (கலியாணப் பதிவு) என்று இரண்டு வீட்டிலும் கதைத்திருந்தோம். தை மாதம் எனக்குச் சொல்லாமலே லீவில் வந்து, சொந்த மச்சாளைக் கட்டிவிட்டார். சிநேகிதி ஒருத்தியின் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கலியாணப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு மூன்று வருடமாக நடந்ததாம்.

பள்ளிக்கூடத்தில் பண்ணிசைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். "நாலு பேர் பார்க்க மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்காதே" என்று அவர் சொன்னதால் பாட்டை விட்டேன். இப்போது தனியே இருந்து பாடப் பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது. நாங்கள் சேர்ந்து கேட்கும் ஒரு பாட்டை பஸ்ஸில் போட்டால் தாங்க முடியாமல் உப்புவெளியில் இறங்கிவிடுகிறேன். இரவில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டால்தான் நித்திரை வருகிறது. அம்மா மறந்துவிடு என்கிறா, வேறு இடம் பார்க்கிறா. ஒரு நாள் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு மலையில் கனநேரம் நின்றேன். நல்ல பாட்டு ஒன்றைப் பாடி அவர் கண்ணில் படும்படி டிக்டொக்கில் போட வேண்டும் போலவும் இருக்கிறது. பாட்டு என்னை இதிலிருந்து வெளியே கொண்டு வருமா?

— பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கடிதத்தில் ஒரு வரியை மெல்லமாக எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். மலையில் கனநேரம் நின்ற வரி. பாட்டைப் பற்றிக் கதைக்க முதல் அதைக் கேட்டுவிடுகிறேன்: செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்ததா? இப்போதும் வருகிறதா? இப்படி நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டால், உள்ளே வைத்திருந்தவருக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. உங்கள் பதில் "ஓம்" என்றால் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். இல்லையென்றால் திருமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் உளநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். தனியே போக வேண்டாம், ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நீங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலே ஒரு பழைய கல்தூண் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். 1687 ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்லப்படும் தூண். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் மகள், பிரான்சினா வான் ரீட் என்பவள், தன்னை விட்டுக் கப்பலேறிப் போனவனைப் பார்த்தபடி அந்த மலையிலிருந்து விழுந்தாள் என்பது கதை. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக் காட்டுகிறார்கள். ஒல்லாந்தரின் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் எழுதியிருப்பது வேறு. அந்தப் பெண் சாகவில்லை. அதற்குப் பிறகும் இருந்து, சில வருடம் கழித்து இன்னொரு கலியாணமும் முடித்திருக்கிறாள். அவள் எங்கேயோ சமைத்துச் சாப்பிட்டு, சண்டை பிடித்து, சிரித்து, வயசுக்குப் போயிருப்பாள். ஊர் மட்டும் முந்நூறு வருடமாக அவளை அந்த மலையிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். விட்டுப்போகப்பட்ட பெண்ணுக்கு நாம் எழுதிவைத்திருக்கும் முடிவு இது ஒன்றுதானா?

இல்லை. நம் கிழக்கிலேயே இன்னொரு முடிவும் இருக்கிறது, அதுவும் பாட்டாகவே இருக்கிறது. நீங்கள் சித்திரையில் எழுதியிருக்கிறீர்கள், அடுத்தது வைகாசி. வைகாசியில் நம் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கதவை அந்த நாட்களுக்கென்று திறக்கிற கோயில்களும் உண்டு. இரவிரவாக வழக்குரை பாடுவார்கள். கண்ணகிக்கு நடந்தது எல்லாம் வரும்: அவளுடைய கலியாணம், புருஷன் மாதவியிடம் போனது, சிலம்பு, பொய்ப் பழி, கொலை, அவள் சபையில் ஏறி வழக்குப் பேசியது. ஒரு வரியைக்கூட "பரவாயில்லை, விடு" என்று தாண்டிப் போவதில்லை. ஊரே இருந்து கேட்கும். அதெல்லாம் பாடி முடித்த பிறகுதான் கடைசியில் குளிர்த்தி. மதுரையை எரித்த சூட்டோடு வந்தவளைத் தண்ணீரும் வேப்பிலையும் பாட்டுமாகக் குளிரப் பண்ணுவது.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள் தங்கச்சி. முதலில் வழக்குரை, பிறகுதான் குளிர்த்தி. குளிர்த்தியை முதல் நாளே பாடுவதில்லை. உங்கள் அம்மா உங்களுக்குச் செய்யப் பார்ப்பது அதைத்தான். பிள்ளை படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், வழக்கைக் கேட்காமலே தண்ணீர் ஊற்றுகிறா. அன்பால் செய்கிறா, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்கப்படாத வழக்கு தொண்டையில் போய் நின்றுவிடும். உங்களுடையது அங்கேதான் நிற்கிறது.

செத்தவருக்கு நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் அந்த ஏழு கிணற்றுத் தண்ணீரில் குளித்து வருகிறோம். இத்தனையாம் நாள் அழலாம், இத்தனையாம் நாள் வீட்டைக் கழுவலாம், இத்தனையாம் நாள் வேலைக்குப் போகலாம் என்று ஊர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். உங்களுக்கு நடந்ததும் ஒரு சாவுதான். ஏழு வருடம் வளர்த்த ஒரு வருங்காலம் ஒரு ஸ்டேட்டஸ் படத்தோடு போய்விட்டது. அதற்கு எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. ஒப்பாரி சொல்ல ஒருவரும் வரவில்லை. ஆகவே உங்களுக்கான சடங்கை நீங்களேதான் கட்ட வேண்டும். கட்டலாம். நான் உதவி செய்கிறேன்.

வழக்குரையில் தொடங்குவோம். ஒரு கொப்பி எடுங்கள். நான்கு நாட்கள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், நடந்ததையும் அதனால் உங்களுக்கு வந்ததையும் எழுதுங்கள். எழுத்துப் பிழை, அழகு எதையும் பார்க்க வேண்டாம். 1986 இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை இப்படி நான்கு நாட்கள் எழுத வைத்துப் பார்த்தார். எழுதிய கையோடு அவர்களுக்கு மனம் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் வருத்தம் என்று வைத்தியரிடம் போனது குறைந்திருந்தது. உங்களுக்கும் இரண்டாம் நாள் மூன்றாம் நாள் கூடவே அழுகை வரலாம். அது பிழையாகப் போவதன் அடையாளம் இல்லை. நான்கு நாள் முடிய கொப்பியை மூடி வையுங்கள். ஐந்தாம் நாளும் எழுதக் கை துறுதுறுக்கும், எழுத வேண்டாம். வழக்குக்கு ஒரு முடிவு நாள் வேண்டும்.

பிறகு அதிலிருந்து ஒரு கவி கட்டுங்கள். கவி என்றதும் பயப்பட வேண்டாம். வயலிலும் களத்திலும் எழுத்தறியாத நம் பாட்டிமார் கட்டியது அது. நாலு அடி, ஒரு முறைப்பாடு, கையில் கிடைத்த ஒரு பொருள், அவ்வளவுதான். ஏமாற்றியவனை நேரே கூப்பிட்டு வைத்துக் கேட்கும் துணிச்சல் அந்தக் கவிகளில் இருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒரு பெண் வாய்திறந்து சொல்ல முடியாததைக் கவியாகப் படித்தால் ஊர் பொறுத்துக்கொண்டது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது என் கையிலே ஒன்று வந்தது. மாதிரிக்குத் தருகிறேன்:

கழுத்தில கிடந்த சங்கிலியைக்
கழட்டித் தந்தேன் நானுனக்கு
கடல் கடந்து போன பின்னே
கழட்டி விட்டாய் நீயென்னை

உங்களுடையது இதைவிட நன்றாக வரும், ஏனென்றால் அது உங்கள் வாயிலிருந்து வரும். மோட்டார் சைக்கிளும் வரட்டும், அந்த ஸ்டேட்டஸும் வரட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் கட்டிய அந்தப் பிள்ளையை வழக்கில் இழுக்க வேண்டாம். அவளுக்கு உங்களைத் தெரிந்திருந்ததோ என்னவோ. குற்றவாளிக் கூண்டில் ஒருவரை நிறுத்தினால் போதும்.

இனித் தொண்டை. துக்கத்திலும் பயத்திலும் உடம்பு கூடக் காற்று இழுக்கப் பார்க்கும்; அதற்காகக் குரல்வளையின் வாசல் விரிந்து நிற்கும். விழுங்கவோ பாடவோ அது மூட வேண்டும். ஒன்று திற என்கிறது, மற்றது மூடு என்கிறது. அந்த இழுபறியில் தசை இறுகுவதைத்தான் நாம் கட்டி அடைக்கிற மாதிரி உணர்கிறோம். உங்கள் குரல் எங்கேயும் போய்விடவில்லை. அதை வெருட்டி வெளியே இழுக்காமல் மெல்லத் தளர்த்தி எடுக்க வேண்டும்.

வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று ஒரே சுருதியில் நில்லுங்கள். நெஞ்சில் கை வைத்தால் அதிர்வு தெரியும். மூச்சை உள்ளே எடுக்கிற நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுங்கள். மூச்சு நீளமாக வெளியே போகும்போது இதயத் துடிப்பு தணியும். பாட்டு என்பதே மூச்சை நீட்டி வெளியே விடுகிற வேலைதானே. ஒரு கிழமைக்கு இது மட்டும். சொல் வேண்டாம், இராகம் வேண்டாம். பத்து நிமிடம், முகம் கழுவினவுடன்.

உங்கள் பக்கத்துக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். வலை இழுக்கும் பாட்டான அம்பாவைப் பாடாமல் வலை வராது என்று பழைய சம்மாட்டிமார், வலைச் சொந்தக்காரர்கள், சொல்வார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் "ஏலேலோ" என்று இழுக்கும்போது இருபது பேரின் மூச்சு ஒரே மூச்சாகிவிடும். 2013 இல் சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது அவை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியதைக் கண்டார்கள். நம் கரையில் அது தெரிந்த விஷயம். அதனால்தான் தனியே பாடுவதோடு நின்றுவிட வேண்டாம் என்கிறேன். கோயில் பசனையோ, பழைய பண்ணிசைச் சிநேகிதிகள் இரண்டு பேரோ, யாரோடாவது கிழமைக்கு ஒருமுறை வாய்விட்டுப் பாடுங்கள். 2004 கடல்கோளுக்குப் பிறகு நான் ஒரு முகாமில் வேலை செய்தேன். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் கண்ணீரே வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் படித்த படிப்பெல்லாம் அங்கே கைகொடுக்கவில்லை. ஒரு மூதாட்டி பாயில் இருந்தபடி ஒப்பாரி எடுத்தா. அதன் பிறகுதான் அந்த மண்டபத்தில் ஒவ்வொருவராக அழுதார்கள். அழுத பிறகுதான் சாப்பிட்டார்கள். அன்றைக்கு நான் கற்றதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

அதே நேரம் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சோகப் பாட்டு எல்லோருக்கும் மருந்தாகாது. என்னிடம் வந்த ஒரு பெண், ஆள் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன், ஒரு வருடமாக அதே ஆறேழு பாட்டை காதில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். கேட்டு முடிய லேசாகிறதா, கனக்கிறதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கனக்குது டீச்சர்" என்றாள். இதுதான் அளவுகோல். ஒரு பாட்டு முடிந்து பத்து நிமிடத்துக்குப் பிறகு உங்களுக்குப் பசிக்கிறதா, யாரோடும் கதைக்க மனம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது வேலை செய்கிறது. அதே கேள்விகள் இன்னொரு சுற்று ஓடத் தொடங்கினால் அந்தப் பாட்டை நிறுத்திவிடுங்கள், எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும்.

பஸ்ஸில் வரும் அந்தப் பாட்டு: அதை இப்போதைக்கு வெல்ல நினைக்க வேண்டாம். மூளை ஒரு பாட்டையும் ஒரு ஆளையும் சேர்த்து முடிந்த முடிச்சு அழிவதில்லை. அதே பாட்டோடு வேறு நினைவுகள் சேரச் சேர, பழையது அடியில் போகும். அதற்கு நாள் எடுக்கும். இந்த மூன்று மாதத்துக்கு அந்தப் பாட்டை நீங்களாகத் தேடிக் கேட்க வேண்டாம். பஸ்ஸில் போட்டுவிட்டால் உப்புவெளியில் இறங்காமல் ஒரு தரிப்பு தள்ளி இறங்குங்கள். மூடிய வாய்க்குள் உங்கள் "ம்ம்" சுருதியைப் பிடியுங்கள், இரைச்சலில் ஒருவருக்கும் கேட்காது. அடுத்த முறை இரண்டு தரிப்பு. ஒருநாள் பாட்டு முடிய பஸ் ஸ்டாண்ட் வந்திருக்கும். அதன் பிறகு அதை உங்கள் சொந்தச் சுருதியில், தேங்காய் துருவும்போதோ உடுப்புக் கழுவும்போதோ பாடிப் பார்க்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் ஒரேயடியாக விட்டுவிடலாம். உலகத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை.

குரல் பதிவுகளைப் பற்றி உங்களுக்குக் கடினமான ஒன்றைச் சொல்லப்போகிறேன். நித்திரைக்கு முன் அந்தக் குரலைக் கேட்பது உங்களைப் பத்து நிமிடம் ஆற்றிவிட்டு, அடுத்த நாளைக்கும் அதுவே வேண்டும் என்று ஆக்குகிறது. பொய் சொன்ன அதே வாய்தான் அந்தப் பதிவுகளில் "நித்திரை கொள்ளம்மா" என்கிறது. உங்கள் உடம்புக்கு அது தெரியாது, பழக்கப்பட்ட குரல் என்று நம்பித் தூங்குகிறது. நடுச்சாமத்தில் கோபத்தில் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்ல மாட்டேன். அப்படி அழித்தவர்கள் விடிய அவருக்கே போன் எடுத்ததைக் கண்டிருக்கிறேன். கடன் சம்பந்தமாக அவர் பேசிய பதிவுகள் இருந்தால் அவை உங்களுக்குச் சாட்சியாகவும் தேவைப்படலாம். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் உங்கள் குரலையே பதிந்து வையுங்கள். சிறுவயதில் கேட்ட ஒரு தாலாட்டை, நடுங்கினாலும் பரவாயில்லை, நீங்களே பாடிப் பதியுங்கள். முதல் இரண்டு மூன்று இரவு நித்திரை பிந்தும். அம்மாவின் அறையில் பாயைப் போட்டுப் படுங்கள். கேட்டால் அம்மா வேண்டாம் என்று சொல்லமாட்டா.

பாட்டால் கடன் தீராது. இதை எழுதாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதிப் பதில்தான் தந்தவளாவேன். லீசிங் பத்திரத்தில் பிணை என்று கையெழுத்து வைத்திருந்தால், அவர் கட்டாமல் விடும் நாளில் கம்பனி உங்களிடம் வரும். இந்தக் கிழமையே போய், எவ்வளவு மீதி, கடைசியாக எப்போது கட்டியது என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் வைத்த கையெழுத்தின் பிரதியையும் கேளுங்கள். அடைவுச் சீட்டில் நகையை மீட்கும் தவணை எப்போது முடிகிறது என்று பாருங்கள்; சீட்டு உங்கள் பெயரில் இருந்தால், இப்போதைக்கு வட்டியையாவது கட்டி நகை ஏலத்துக்குப் போகாமல் பாருங்கள். காசு அவருக்கு அனுப்பிய ரசீது, அதைப் பற்றி அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டுக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கு ஆலோசனை சொல்லவென்றே இருக்கும் இடம் அது. பிரதேச செயலகத்திலும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார்கள். அவர் மிரட்டினாலோ, உங்கள் படங்களை வைத்து ஏதாவது செய்யப் பார்த்தாலோ 1938, அது பெண்களுக்கான உதவி இலக்கம்.

போனின் இரகசிய இலக்கம், வங்கி அட்டையின் இலக்கம், முகநூல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அவருடைய பிறந்த நாளைத்தானே வைத்திருப்பீர்கள்?

அம்மாவிடம் "மாப்பிள்ளை பார்க்க வேண்டாம்" என்று சொன்னால் சண்டையாகும். நாள் சொல்லுங்கள். "அடுத்த தை வரைக்கும் இந்தக் கதையை எடுக்க வேண்டாம் அம்மா, தைக்குப் பிறகு நானே கதைக்கிறேன்." அம்மாமாருக்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்தால் ஓரளவு மனம் ஆறும். அத்தோடு ஒருநாள் பின்னேரம் அம்மாவை இருத்தி வைத்து, நடுவில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, முழு வழக்கையும் சொல்லுங்கள். கொப்பியைப் பார்த்து வாசித்தாலும் சரி. அவ அழுவா. அழட்டும்.

இனி டிக்டொக். உங்கள் கடிதத்தில் நான் கூட நேரம் நின்றது இந்த இடத்தில்தான். சிலப்பதிகாரத்தில் கானல்வரி என்று ஒரு பகுதி வரும். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை எடுத்துப் பாடுகிறான். அவன் வேறொருத்தியை நினைத்துத்தான் பாடுகிறான் என்று மாதவிக்குப் படுகிறது. அவளும் யாழை வாங்கி, தனக்கும் வேறு நினைப்பு இருப்பதுபோலப் பாடுகிறாள். பாட்டு இரண்டுமே அழகான பாட்டு. ஆனால் இரண்டும் மற்றவரைக் குத்தப் பாடியதாய்ப் போய்விட்டது. கோவலன் அன்றைக்கே எழுந்து போய்விடுகிறான். ஒரு ஆளின் காதில் ஏற வேண்டும் என்று பாடினால், அந்த ஆள் காது கொடுக்கும்வரை பாடகி காத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் பதிவைப் போட்டுவிட்டு இரவிரவாக அவர் பார்த்தாரா, யார் யார் பார்த்தது என்று போனைத் தடவிக்கொண்டு இருப்பீர்கள். அவர் பார்க்காவிட்டால் ஒரு அடி, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் இன்னொரு அடி, "நல்லாப் பாடுறாய்" என்று ஒரு செய்தி போட்டுவிட்டாரோ, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "மைக்கைப் பிடிக்காதே" என்று ஒருவர் சொன்னதால் ஏழு வருடம் பாடாமல் இருந்தீர்கள். இப்போது அதே ஒருவருக்காகப் பாடப்போகிறீர்கள். இரண்டிலும் மைக் அவர் கையில்தான்.

பாடிப் போடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் போகட்டும். அவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றுதான் என்று வரும் நாளில் போடுங்கள்.

அதுவரைக்கும் எந்தப் பாட்டு என்று கேட்பீர்கள். அவருக்கு முன்பே உங்களிடம் இருந்த பாட்டு. பண்ணிசைக்குப் பழகிய திருமலைப் பிள்ளைக்குச் சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகம் தெரியாமல் இருக்காது. மூன்றாம் திருமுறை, புறநீர்மைப் பண். பகற் பண்களில் விடியற்காலைக்கு உரியது. இராமேசுவரத்தில் நின்றபடி, கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம் மலையை நினைத்துச் சம்பந்தர் பாடினார் என்பார்கள். ஆறாம் ஏழாம் வகுப்பில் அதை மனனம் செய்திருப்பீர்கள். அந்த வயதில் அந்த மனிதர் உங்கள் வாழ்க்கையில் இல்லை. அந்த ஏழு வருடத்தின் தூசி படாத குரல் ஒன்று அந்தப் பதிகத்துக்குள் இருக்கிறது. விடிய எழும்பி, கிணற்றடியிலோ முற்றத்திலோ நின்று, முதல் பாட்டின் முதல் அடியை மட்டும் பாடுங்கள். குரல் உடைந்தால் அதே இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்கு வெளிக்கிடுங்கள். அடுத்த நாள் இரண்டாம் அடி.

வைகாசியில் கிட்டவுள்ள கண்ணகி கோயிலுக்குப் போங்கள். பாட வேண்டியதில்லை, கடைசி இரவு குளிர்த்தி முடியும்வரை இருந்து கேட்டுவிட்டு வாருங்கள். முழு வழக்கையும் கேட்ட பிறகு உங்கள் கவிக்கு ஐந்தாம் அடி ஒன்று வரக்கூடும். வந்தால் எனக்கு எழுதுங்கள்.

லீசிங் கந்தோர் சனிக்கிழமை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் அங்கே போய் வாருங்கள். பதிகத்தை ஞாயிறு விடிய வைத்துக்கொள்ளலாம்.